நாற்பத்தொரு பிளாஸ்க்குகளும் ஒரு மூடியும்

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் நான் நாற்பத்தொரு பிளாஸ்க்குகளைக் கைதுசெய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் பிரசவ வார்ட்டின் பழைய ஆட்கள் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது எண்ணிக்கை அறுபதாகிவிடும், நான் விசில் ஊதினேன் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். விசில் ஊதவில்லை. அழுக்குத் துணி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

தாய்ப்பால் ஆலோசனை நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பால் எப்படிச் சுரக்கிறது, பிள்ளையை எப்படி ஏந்துவது என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அதில் பாதிப் படங்களுக்கு விளக்கம் எழுதியவன் நான். ஆகவே அதைப் பற்றி மேலும் பேசி உங்கள் நம்பிக்கையைக் குலைக்க விரும்பவில்லை.

என்னைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒன்று, நான் சுகாதாரக் கல்வி அதிகாரியாக இருந்தவன். தாய்ப்பாலின் மகிமை பற்றி இந்த மலைப்பக்கத்தில் நான் விரிவுரை செய்யாத மண்டபம் இல்லை. என் மனைவி எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கப் பழகிய வாரங்களில், இரண்டு தடவையும், தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும் பயிற்சிக்காக நான் கொழும்பில் இருந்தேன். "நீங்கள் ஊக்குவிச்சது எனக்கு அம்பிட்டிய வீடு வரைக்கும் கேட்டது" என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். இரண்டாவது, நான் மர்ம நாவல்கள் அதிகம் வாசிப்பவன். ஓர் அரச அதிகாரிக்கு இதைவிட ஆபத்தான பழக்கம் கிடையாது. மதுவாவது மாலையில்தான் வேலை செய்யும்.

நிலையம் தொடங்கிய புதிது. உடைந்த சேலைன் கம்பங்கள் போட்டு வைத்திருந்த அறையைத் துப்புரவு செய்து எங்களுக்குத் தந்திருந்தார்கள். இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, ஒரு கை போன றப்பர் பொம்மை. வருட முடிவில் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, நிலையம் இருக்கலாமா, சேலைன் கம்பங்களே திரும்பி வரலாமா என்று முடிவு செய்யும். "வார்ட்டில ஒரேயொரு பால்மாத் தகரம் கண்டாலும் கதை முடிஞ்சுது" என்று பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் எந்தப் பிள்ளைக்கும் பால்மா கரைத்துக் கொடுக்கக்கூடாது என்பதுதான் நிலையத்தின் முதல் விதி.

அந்த நேரத்தில்தான் பதினேழாம் கட்டிலின் கீழே ஒரு தகரத்தைக் கண்டேன்.

ரோஜா நிறத் துவாய்க்குள் பாதி மறைந்திருந்தது. தகரத்தில் அச்சடித்திருந்த கொழுத்த குழந்தை, துவாய்க்கு மேலாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது. கட்டிலில் இருந்தவள் செல்வி, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். பிரசவமாகி நான்காம் நாள். பக்கத்தில் துணைக்கு நின்றவள் புஷ்பம், அவளுடைய நாத்தனார். கொழுந்துக்கூடை சுமந்து சுமந்து தோள் அகன்ற, என்னைவிட அரையடி குட்டையான, என்னைவிடப் பலமடங்கு பெரிய பெண்.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

புஷ்பம் தகரத்தைக் காலால் உள்ளே தள்ளினாள். "மருந்துங்க."

மருந்து! மர்ம நாவலில் பக்கம் இருபதிலேயே குற்றவாளி இப்படித்தான் பேசுவான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் தகரத்தை எடுத்து மூடியைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாவல் வாசிக்கிறவன் கண்ணால் பார்க்க மாட்டான், யோசிப்பான். ஒரு தகரத்தைப் பிடித்தால் மற்றவர்கள் உஷாராகிவிடுவார்கள். பால்மாவைக் கரைக்க என்ன வேண்டும்? சுடுதண்ணீர். சுடுதண்ணீர் எதில் வருகிறது? வார்ட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு சிவப்பு பிளாஸ்க். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது பிளாஸ்க் இல்லாமல் போகும் மனிதர் நம் ஊரில் உண்டா? எல்லாம் வாசலில் இருக்கும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே சிவப்பு, ஒரே அளவு. எனக்கு அது ஒரு வலைப்பின்னலாகத் தெரிந்தது.

வார்ட்டுப் பொறுப்பாக ஒரு சிஸ்டர் இருந்தார். பிலிமத்தலாவைக்காரர், சிங்களப் பெண்மணி. கட்டில்களுக்கு நடுவே இருபது வருடம் நடந்து தமிழ் படித்தவர். என் உத்தியோகத்தில் யாரையாவது குரு என்று சொல்வதானால் அவரைத்தான் சொல்வேன். அவர் கேட்டால் மறுப்பார், காரணம் என் மாணவ இலட்சணம். நிலையம் திறந்த அன்றே அவர் சொன்னார்: "சேர், வார்ட்டுல ஏதாவது மாத்துறதுன்னா, முதல்ல அந்தக் கட்டில் பக்கம் கதிரை போட்டு அஞ்சு நிமிசம் இருங்க. சும்மா இருங்க. பேச வேணாம்." என் முழங்கால் வலியைக் கவனித்துச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை சிஸ்டர் லீவு. வீட்டில் தானம். அதாவது, என்னைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் பிக்குமாருக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்.

மூன்று மொழிகளிலும் அறிவித்தல் எழுதினேன். "சுடுநீர்க் கொள்கலன்கள் தற்காலிகமாகப் பொறுப்பேற்கப்படும்." வாசலிலும் ஒன்றை ஒட்டி, பகல் பார்வையாளர்கள் பிளாஸ்க் கொண்டுவராமல் தடுத்தேன். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்ட்டுக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு பிளாஸ்க்கையும் வாங்கி, பிளாஸ்டர் துண்டில் கட்டில் இலக்கத்தை எழுதி, மூடியின் மேல் ஒட்டினேன். மூடியின் மேல். ஏனென்றால் அந்த இடம்தான் தட்டையாக, எழுத வசதியாக இருந்தது. இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சேர், அது என்ட உம்மா கொண்டந்த சூப்பு!" என்றது ஒன்பதாம் கட்டில்.

"எல்லாம் பத்திரமாக இருக்கும், பிள்ளை."

"பத்திரமா இருந்தா எனக்கு என்ன? சூடா இருக்கோணுமே!"

பதினேழாம் கட்டிலில் புஷ்பம் பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இது தர ஏலாதுங்க. இவளுக்கு வேணும்."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். தாங்கோ."

"சட்டம் போட்ட தொர யாரு?"

"நான்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோட்டத்தில் தொரைமாரை அப்படிப் பார்த்துப் பழகிய பார்வை. பிறகு பிளாஸ்க்கைத் தந்தாள். செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அது குற்ற உணர்வாகப் பட்டது. என்னுடையதல்ல, அவளுடையது.

நிலையத்து அறையில் நாற்பத்தொரு பிளாஸ்க்குகளையும் மேசையில் வரிசையாக நிறுத்தினேன். அடுத்தது தடயப் பரிசோதனை. மூடிகளையெல்லாம் கழற்றி ஒரு பேசினில் போட்டேன். அடைப்பான்களையும் எடுத்தேன். குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன்.

கொத்தமல்லித் தண்ணீர். பிளேன் டீ. சுக்கு. இலைக்கஞ்சி. கோழிச் சூப். பிரசவத்துக்கு அரைக்கும் யாழ்ப்பாணத்துச் சரக்குத் தண்ணீர். அதை முகர்ந்ததும் என் அம்மாவின் குசினி ஞாபகம் வந்து தும்மினேன். மறுபடியும் பிளேன் டீ. பதினொரு பிளாஸ்க்குகளில் வெறும் சுடுதண்ணீர். இந்த நாட்டின் சகல சமூகங்களும் அந்த மேசையில் சமாதானமாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒன்றில்கூடப் பால்மா இல்லை. தடயம் இல்லாததையே தடயமாக எடுத்துக்கொண்டு, எதிரி நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன் என்று குறிப்பேட்டில் எழுதினேன். பகலுணவுக்குப் பிறகு மனநிறைவோடு கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

இரண்டு மணியளவில் கதவு தட்டாமல் திறந்தது. புஷ்பம். ஒரு கையில் ரோஜா நிறத் துவாய். மறு கையில் ஒரு தாள்.

"தொர, அந்தத் தண்ணியக் குடுங்க."

"கொஞ்சம் பொறுங்கோ, இது விசாரணையில..."

"புள்ள காலையில இருந்து குடிக்கல. அவளுக்கு நெஞ்சு ரெண்டும் கல்லா போயிருச்சு, வாயி வைக்க ஏலாம புள்ள கத்துது. பெரிய டாக்டரம்மா காலையில என்னா சொன்னாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு? நாளைக்கு நிறுத்துப் பாப்பாங்களாம். இன்னும் எறங்கினா புள்ளைய எடுத்து மேல வார்ட்டுல வச்சு, பால்மா குடுப்பாங்களாம். மொத புள்ளைக்கும் இப்பிடித்தான். எட்டு நாளு பிரிச்சு வச்சாங்க. திரும்பி வந்த புள்ள இவ நெஞ்சையே பாக்கல. ரெண்டு வருசம் அதச் சொல்லிச் சொல்லி அழுதா. இந்தப் புள்ளைக்காவது குடுக்கணும்னு உசுரக் குடுத்துக்கிட்டு இருக்கா. நீங்க சுடுதண்ணியத் தூக்கிட்டு வந்து வாசம் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

"சுடுதண்ணி எதுக்கு?" என்றேன்.

அவள் தாளை நீட்டினாள். எங்கள் துண்டுப்பிரசுரம். பால் கட்டிக்கொண்டால், பிள்ளைக்குக் கொடுக்குமுன், துணியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுக்கவும் என்று தெளிவான தமிழில் அச்சிட்டிருந்தது. பக்கத்தில் படம். அடியில், ஆக்கம் என்ற சொல்லுக்கு எதிரே, முழு முதலெழுத்துகளோடு என் பெயர்.

"நேத்தெல்லாம் அதப் பாத்துத்தான் செஞ்சேன். எளகி வந்துச்சு. இன்னைக்குக் காலையில தண்ணி போயிருச்சு."

"அப்ப அந்தத் தகரம்?"

"எந்தத் தகரம்?"

"பால்மாத் தகரம். கட்டிலுக்குக் கீழ. மருந்து எண்டு சொன்னீங்கள்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் தமிழ் இல்லை. "அதுல வறுத்த கொத்தமல்லியும் சுக்கும் வச்சிருக்கேங்க. ஒங்க ஊட்டுல பால்மா தகரத்துல என்னா வச்சிருக்கீங்க?"

சீனி. எங்கள் வீட்டில் சீனி. பெரிய தகரத்தில் பருப்பு. இந்தத் தீவில் பால்மாத் தகரத்தில் நிச்சயமாக இருக்காத ஒரே பொருள் பால்மாதான் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஐம்பது தாண்டிய எனக்கு அன்றைக்குப் புலப்படவில்லை.

பிளாஸ்க்குகளின் பக்கம் பாய்ந்தேன். வெறுந்தண்ணீர் இருந்த ஒன்றில் விரலை விட்டேன். இளஞ்சூடுகூட இல்லை. அடுத்தது. அதுவும் அப்படித்தான். மூன்று மணி நேரமாக நாற்பத்தொன்றும் வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தன, கண்டிக் குளிரில். வார்ட்டின் கீஸர் பழுதாகி மாதங்கள் ஆகியிருந்தன. சமையலறையில் நாலு மணிக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். நடைபாதை வழியாகப் பிள்ளையின் அழுகை கேட்டது. அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. அழுது களைத்துத் தூங்கிவிட்டால் இன்னும் ஒரு வேளை போய்விடும் என்பதைப் பல மண்டபங்களில் நானே சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டருக்கு அழைத்தேன். பின்னால் பீங்கான் கழுவும் சத்தம். நடந்ததைச் சொன்னேன். கழுவும் சத்தம் நின்றது.

"நாப்பத்தொண்ணையும் தொறந்ததா?"

"ஓம், சிஸ்டர்."

"ஏன்?"

"முகர்ந்து பார்க்க."

"சரி. சேர் அலுமாரியில ஃபைலுக்குப் பின்னால இருக்கிற கேத்தல எடுங்க."

நண்பர்களே, இங்கே இரண்டாவது ஒப்புதல். மின்கசிவு ஒன்றுக்குப் பிறகு, ஆஸ்பத்திரி அலுவலக அறைகளில் மின்கேத்தல் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தச் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதியவன் நான். பின்னேரத் தேநீருக்காக ஒரு கேத்தலை ஒளித்து வைத்திருந்தவனும் நான். வார்ட்டு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடிய அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே சட்டவிரோதப் பொருள் என் அலுமாரியில்தான் இருந்தது. அது சிஸ்டருக்குத் தெரியும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

தண்ணீர் கொதித்தது. கேத்தலைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடினேன். முன்னால் புஷ்பம், ஆட்களை விலக்கிக்கொண்டு. வார்ட்டு வாசலில் பணிப்பாளர் எதிரே வந்தார். கேத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கேத்தலைப் பார்த்தார்.

இப்படியான வேளைக்கென்று நாங்கள் எல்லோரும் ஒரு பொய்யை வைத்திருப்போம். என் வாயிலும் ஒன்று வந்தது. மாதிரிப் பொருள், விரிவுரைக்கு என்று. பிள்ளையின் அழுகை அதற்குள் முனகலாகியிருந்தது. "என்னுடையதுதான், சேர். தடைசெய்யப்பட்டது. பதினேழாம் கட்டிலுக்குச் சுடுதண்ணி வேணும். பிறகு வந்து விளக்கம் எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பணிப்பாளரைச் சுற்றிக்கொண்டு ஓடுவது என் சேவைக் காலத்தில் அதுதான் முதலும் கடைசியும்.

புஷ்பம் திரையை இழுத்தாள். நான் வெளியே, முகத்தைச் சுவருக்குத் திருப்பி நின்றேன். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, கையை மட்டும் திரைக்கு உள்ளே நீட்டிப் பிடித்தேன். தாய்ப்பாலூட்டல் துறைக்கு நான் நேரடியாக ஆற்றிய பணி இவ்வளவுதான்: ஒரு கை, முழங்கை வரை.

"தண்ணி கொதிக்கக் கொதிக்க வைக்க வேணாம். பச்சத் தண்ணி கலந்து ஒங்க கையில ஊத்திப் பாருங்க" என்றது சிஸ்டரின் குரல். "இப்பத் துணி வைங்க. மகள், அழ வேணாம். மூச்ச விடுங்க. இப்பக் கையால மெதுவா, மெதுவா, கொஞ்சம் எடுத்து விடுங்க. நுனி இளகினாப் போதும். இளகினதா?"

"எளகுதுங்க" என்றாள் புஷ்பம்.

"சேர் அங்கயா?"

"இங்க நிக்கிறன், சிஸ்டர்."

"சேர் பேச வேணாம்."

கை வலித்தது. மாற்றவில்லை. சுவரில் என்னுடைய சுவரொட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு தாய், அச்சகத்துப் புன்னகையோடு, தலை கலையாமல், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாய்க்கு நாத்தனார் இல்லை, பிளாஸ்க் இல்லை, வியர்வைகூட இல்லை. அவளைப் பார்த்தபடி நின்றேன். சிஸ்டர் சொன்ன அந்த ஐந்து நிமிடம் அன்றைக்குத்தான், நின்றபடியே, நிறைவேறியது.

"இப்பப் பிள்ளை வாயப் பெரிசாத் தொறக்கும் வரைக்கும் பொறுங்க. தொறந்ததா? இப்ப."

முனகல் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சின்னதாக ஒரு சத்தம், விழுங்குகிற சத்தம். இன்னொன்று. பிறகு ஒழுங்காக, அவசரமில்லாமல். வார்ட்டில் அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. மறுமுனையில் சிஸ்டருக்கும் கேட்டிருக்க வேண்டும். "ம்" என்றார், பீங்கான் மறுபடி கழுவப்பட்டது. திரைக்குள் செல்வி அழுதாள். இது வேறு அழுகை.

பின்னேரம் பிளாஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் பேசினைப் பார்த்தேன். இலக்கம் ஒட்டிய மூடிகள் பேசினில். இலக்கமில்லாத பிளாஸ்க்குகள் மேசையில். சிஸ்டர் தானம் முடித்து நேரே வார்ட்டுக்கு வந்திருந்தார். அவர் முன்னிலையில், வண்டியைக் கட்டில் கட்டிலாகத் தள்ளி, "இந்தச் சூப் யாருடையது? இந்தக் கஞ்சி?" என்று கேட்டுக்கொண்டு போனேன். முகர்ந்து அடையாளம் காட்டும் பொறுப்பைத் தாய்மார் எடுத்துக்கொண்டார்கள். "இது எங்க ஊட்டுக் கொத்தமல்லி இல்ல, இதுல மெளகு போட்டிருக்கு" என்று நுட்பமான விவாதங்கள் நடந்தன. ஒன்பதாம் கட்டில் ஆறிப்போன சூப்பை என்னையே குடிக்க வைத்தது. வெறுந்தண்ணீர்ப் பிளாஸ்க்குகள் பதினொன்றையும் ஆளுக்கொன்றாகப் பிரித்தோம். கடைசியில் எண்ணிப் பார்த்தால் மூடி நாற்பதுதான். பதினேழாம் இலக்க மூடியைக் காணவில்லை. அலுமாரியில், வண்டியில், அழுக்குத் துணிக்குள், எங்கும் இல்லை.

மறுநாள் காலையில் பிள்ளையை நிறுத்தார்கள். நான் தராசுக்குப் பின்னால், தேவையில்லாமல், நின்றேன். முள் முந்திய நாளைவிடக் கொஞ்சம் கூட நின்றது. கொஞ்சம்தான். டாக்டர் அதை எழுதி, "அம்மாவோடயே இருக்கட்டும்" என்றார். சிஸ்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

பணிப்பாளருக்கு விளக்கக் கடிதம் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு, கேத்தலை ஒப்படைக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் அதே கேத்தல், இருப்புப் பதிவு இலக்கம் எழுதப்பட்டு, பாதுகாப்பான ஒயரோடு, நிலையத்துக்கே திரும்பி வந்தது. இன்றைக்கு உங்கள் அறையின் மூலையில் இருக்கிறதே, அதன் முன்னோர் அதுதான். கொழும்புக் குழு வந்தபோது என் வரைபடங்களை ஒதுக்கிவிட்டு, கட்டில்தோறும் ஏன் ஒரு காலிக் கதிரை இருக்கிறது என்று கேட்டார்கள். "வந்தா இருக்கிறதுக்கு" என்றார் சிஸ்டர். வேறு விளக்கம் அவரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. நிலையம் தப்பியது.

ஆகவே, விதி கையில் இருக்கும்போது முதலில் கதிரை போட்டு இருங்கள். தகரத்தைக் கண்டால் திறந்து பாருங்கள். ஒரு தாய் எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றால், அது உங்கள் புத்தகத்தில் நீங்களே செய்யச் சொன்ன காரியமாகவும் இருக்கலாம். இலக்கத்தை பிளாஸ்க்கின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் ஒட்டாதீர்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். "ஐயா!" என்று ஒரு குரல். புஷ்பம். பின்னால் செல்வி, கை நிறையப் பைகளோடு. இருவருக்கும் நடுவில், பாடசாலைச் சப்பாத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு, நன்றாக வளர்ந்த ஒரு சிறுமி. செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண் கலங்கியது போலிருந்தது. இப்படியான ஒரு கணத்துக்காகத்தான் மனிதன் அரச சேவையில் இத்தனை வருடம் கிடக்கிறான் என்று எண்ணி, சட்டையைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்து நின்றேன்.

புஷ்பம் சிறுமியின் தோளில் கைவைத்து முன்னே தள்ளினாள். "பாப்பா, ஐயாவக் கும்புடு. நான் சொல்லுவேன்ல, ஆஸ்பத்திரியில, நீ பொறந்தப்ப. அந்த ஐயாதான் இவரு."

சிறுமி கும்பிட்டாள். பிறகு என் இரண்டு கைகளையும், தோள்பையையும் கவனமாகப் பார்த்துவிட்டு, புஷ்பத்தின் சேலையை இழுத்தாள்.

"மூடியக் கொண்டாந்திருக்காரா அத்தே?"